இருபத்தெட்டு நிமிடம்

பிப்ரவரிக்கு இருபத்தெட்டு நாள்.
ஜெசிந்தாவின் ஏட்டில் இருபத்தெட்டு நிமிடம்.
மெடிகேர் கேட்பது முப்பது.
குறைந்தால் குறைந்ததற்கு ஏற்ற காசு என்பதெல்லாம் இல்லை,
மொத்தமும் பூஜ்ஜியம்.

சாகினாவில் டயர் கடைக்கு மேல்மாடி என் அலுவலகம்.
கீழே கம்ப்ரஸர் ஓடும்போதெல்லாம்
மேசையில் காப்பி நடுங்கும்.
ஒன்பது வருடமாகப் பில் போடுகிறேன்.
நோயாளி ஒருவரைக்கூட நேரில் பார்த்ததில்லை.
பிறந்த தேதி தெரியும்,
புண்ணின் நீளம் அகலம் ஆழம்
சென்டிமீட்டரில் தெரியும்.

லுடெல்லா ஹாகின்ஸ், எண்பத்தொன்று, இடது குதிகால்.
வாரம் மூன்று முறை ஒரு நர்ஸ்
வீட்டுக்கே வந்து கட்டு மாற்றுகிறாள்.
அந்தச் சிகிச்சை மொத்தத்துக்கும் பொறுப்பு ஜெசிந்தா.
டாக்டர் அல்ல, நர்ஸ் பிராக்டிஷனர்.
டாக்டர் மட்டுமே போட்ட கையெழுத்தை
இவளும் போடலாம் என்று சட்டம் மாறிச் சில வருடமாகிறது.
படிவம் மாறவில்லை.
'மருத்துவர் கையொப்பம்' என்று அச்சடித்த கோட்டில்
எதையும் அடிக்காமல் திருத்தாமல்
ஜெசிந்தா மரிய அருளப்பன் என்று முழுசாக எழுதுவாள்.
பெயர் கோட்டைத் தாண்டி ஓரம் வரை போகும்.

ஏட்டைப் பிரித்தேன்.
மூன்றாம் தேதி, ரத்தப் பரிசோதனை முடிவு படித்தது, 6. சேரும்.
ஒன்பது, நர்ஸோடு பேசிக் கட்டுமருந்தை மாற்றியது, 11. சேரும்.
பதினான்கு, அட்லாண்டாவிலிருந்து மகள் கூப்பிட்டது,
அம்மா தட்டைத் தள்ளிவிடுகிறாள்,
என் பெயரை மாற்றிச் சொல்கிறாள், நான் வந்துவிடட்டுமா,
42.
சேராது.
குடும்பத்தோடு பேசுவது பேச்சுதான், வேலையில்லை.
பத்தொன்பது, பனியில் கார் ஓட்டியது 35. அதுவும்.
மருந்துக் கடைக்காரன் எடுக்கும்வரை பியானோ கேட்டது
16, கேட்கவே வேண்டாம்.
இருபத்தாறு, பராமரிப்புத் திட்டத்தைத் திருத்தியது, 11.
சேரும்.

திரும்பக் கூட்டினேன்.
கூட்டல் யாருக்கும் இளகுவதில்லை.

கடைசி 11-இல் இரண்டாவது ஒன்றுக்கு
இரண்டு வளைவு போட்டால் 13.
பேனா கையில்தான் இருந்தது.
மூடியைத் திறந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அப்புறம் அவளைக் கூப்பிட்டேன்.
வைப்பர் சத்தத்துக்கு நடுவே எடுத்தாள்.
எங்கேயாவது ரெண்டு நிமிஷம் எழுத விட்டுப்போச்சா?
"இருந்தா எழுதியிருப்பேன்லா" என்றாள்.
சிவப்பு விளக்கில் நின்றாள் போலிருக்கிறது,
வைப்பர் மட்டும் போய் வந்தது.
"ஒரு ராத்திரி முழுக்க அந்தக் காலைப் பத்தியே
எண்ணிட்டுக் கிடந்தேன்.
அதை எண்ணுவாங்களா?"
இரண்டு பேரும் சிரித்தோம்.
நம் மொழியில் மட்டும்தான் அது கேள்வி.
மெடிகேருக்கு எண்ணுவது வேறு, எண்ணுவது வேறு.

பேசியது நான்கு நிமிடம்.
தேதி மார்ச் இரண்டு. பிப்ரவரி பூட்டியாகிவிட்டது;
பூட்டாமல் இருந்தாலும்
பில் போடுகிறவளோடு பேசியது சேராது.

பழக்கதோஷம், சேராத வரிசையையும்
ஓரத்தில் பென்சிலால் கூட்டிவைத்தேன்.
தொண்ணூற்று மூன்று.
அதற்குக் குறியீடு கிடையாது.
அழிரப்பரை எடுத்தேன், வைத்துவிட்டேன்.

அடுத்த கோப்பு ஸ்டான்லி வ்ரோபெல், இதயம், பே சிட்டி சாலை.
நாற்பத்தேழு நிமிடம்.
பதினேழு உபரி.
கூடுதலாக ஒரு டாலரும் வராது,
லுடெல்லாவுக்கு இரண்டை இரவல் கொடுக்கவும் வழியில்லை.
முப்பது என்று டிக் போட்டேன்.
கீழே யாரோ டயருக்குக் காற்றடிக்கிறார்கள்,
இங்கே காற்று இலவசம்.
காப்பியில் வட்டம் வட்டமாக அலை.